ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப் எது? வாசகர் கேள்விகள்

என்னிடம் இருப்பது 50 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). வாங்க நினைக்கும் ஸ்பீக்கரில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. ஓட்டுமா?
*மதுரை வாசகர்*

தாராளமாக ஓட்டும். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட் அது தாங்கக்கூடிய அளவு. அவ்வளவு கொடுத்தால்தான் பாடும் என்று அர்த்தமில்லை. வாட்டை விட 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு 87 டெசிபல் என்றிருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் வரும். வாட் இரட்டிப்பாகும்போது கூடுவது 3 டெசிபல்தான். உங்கள் 50 வாட்டில் 104 டெசிபல் என்றால் 100 வாட் ஆம்பில் 107. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் ஆம்பை மாற்றும் காசை 90 டெசிபல் ஸ்பீக்கரில் போடுங்கள். வாட் எண்ணைக் காட்டியே கடைகளில் வியாபாரம் நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லையா?
*திருச்சி வாசகர்*

வால்யூமை அடக்கி வைத்தால் இல்லை. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். 'கிளிப்பிங்' என்பது அதைத்தான். அப்போது சராசரி மின்சக்தி ஏறும், புதிதாக முளைக்கும் உயர் அதிர்வெண்கள், கீச்சு ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குள் போகும். ட்வீட்டரின் சுருளோ முடி போன்ற மெல்லிய கம்பி. எங்கள் வீட்டு விசேஷத்தில் 20 வாட் ஆம்பை முழு வால்யூமில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன்; இரண்டு ட்வீட்டரும் கருகிப் போயின. பாட்டு கிழிகிற மாதிரி கேட்டால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

ஆம்பின் பின்னால் '6 முதல் 16 ஓம்' என்றிருக்கிறது. என் ஸ்பீக்கர் 4 ஓம்.
*கோவை வாசகர்*

இங்கே கவனம் வேண்டும். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும். முடியாத ஆம்ப் சூடாகும், பாதுகாப்புச் சுற்று இருந்தால் தானே அணையும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். இன்னொன்று: ஸ்பீக்கரின் ஓம் நிலையான எண் அல்ல, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். '8 ஓம்' என்று விற்பதே சில இடங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கலாம். மெதுவான சத்தத்தில் சமாளிக்கலாம்தான். ஆனாலும் 4 ஓமுக்கு என்று தெளிவாக எழுதியிருக்கும் ஆம்பை வாங்குவதே நல்லது. இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே ஆம்பில் பேரலலாக மாட்டினாலும் சுமை 4 ஓம்தான்.

சென்சிட்டிவிட்டியை ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால், அது 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். அந்த எண்ணில் 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது.
*சேலம் வாசகர்*

பி.எம்.பி.ஓ. என்பது விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் எண், அதைப் பொருட்படுத்தாதீர்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, எத்தனை ஓமில் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?
*சென்னை வாசகர்*

ரிச்சி தெருவில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர சேர்த்து மின்தடை 0.12 ஓம் அளவுதான். 10 மீட்டர் என்றால் 2.5 வாங்குங்கள்.

84 டெசிபல் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. 12 வாட் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ளது) வாங்க ஆசை. நடக்குமா?
*கும்பகோணம் வாசகர்*

நடக்கும், அறை சின்னதாக இருந்து நீங்கள் இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்தால். வீணையும் வாய்ப்பாட்டும் அருமையாக இருக்கும். தவிலும் நாகஸ்வரமும் கோயில் வாசலில் கேட்ட அளவுக்கு வேண்டுமென்றால் போதாது. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரும் 83 டெசிபலுக்குள்தான். ஆனால் அது 15 ஓம் சுமை, பிறகு வந்தது 11 ஓம். இரண்டுமே வால்வு ஆம்புக்கு எளிதானவை. உங்களுடையது 4 ஓமாக இருந்தால் யோசியுங்கள். 8 ஓமாக இருந்தால் ஆம்பின் 8 ஓம் முனையில் மாட்டுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் வால்வு ஆம்பில் பாட்டை ஓடவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.