வீட்டுத் தோட்டத்துக் காய்களை மட்டும் வைத்து நண்பர்களுக்கு விருந்து போட முடியுமா? போட்டிருக்கிறீர்களா?

போட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டுத் தோட்டத்தை நம்பி அல்ல, ஐந்தாறு வீட்டுத் தோட்டங்களைச் சேர்த்து.

நான் இருப்பது மொரீசியசில், ரோஸ் ஹில்லில். இங்கே கோடை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். பொங்கலும் தைப்பூசமும் நல்ல வெயிலில்தான் வரும், சில வருஷம் கூடவே புயலும் வரும். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அதற்கு முன்னால் பத்து நாள் விரதம், அந்த நாட்களில் வீட்டில் மீன், இறைச்சி எதுவும் கிடையாது. விரதத்தின் நடுவே வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, வாழையிலை போட்டு ஏழு கறி சாப்பிடுவோம். போன முறை எங்கள் வீட்டில்.

தீவு சின்னது, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். ஆனால் நடுப்பகுதி மேடு. கியூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் கடலை ஒட்டி. கீழே வேர்த்து ஊற்றும்போது மேலே தூறிக்கொண்டிருக்கும். அதனால் ஒருவர் வீட்டில் செழிப்பது இன்னொருவர் வீட்டில் ஏனோதானோ என்று நிற்கும். எங்கள் தோட்டத்தில் வெண்டையும் கத்தரியும் பச்சை மிளகாயும் தாராளம். கியூர்பிப் தோழி வீட்டு வேலி முழுக்க சௌசௌ கொடி. காயை மட்டுமில்லை, கொழுந்தையும் கிள்ளிக் கீரையாகச் செய்வார்கள். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் எனக்கு அது காயைவிடப் பிடிக்கும். போர்ட் லூயிஸ் நண்பர் முருங்கைக்கீரையை ஒரு கட்டாகக் கட்டி, மாங்காயோடு வந்தார். தீவின் வடக்கிலிருந்து வந்தவர் பலாக்காய் கொண்டுவந்தார்.

காலையில் முதல் வேலை வாழையிலை அறுப்பது. காற்று கிளம்பிவிட்டால் இலை நார் நாராகக் கிழிந்துவிடும், அப்புறம் அதில் பருப்பு எங்கே நிற்பது? எல்லாரும் வந்ததும் சூடாகப் பருப்பு வடை. இங்கே அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து அமுக்கித்தான் சாப்பிடுவார்கள். கூட வெனிலா மணக்கும் தேநீர். ஊரிலிருந்து வந்த புதிதில் தேநீரில் வெனிலாவா என்று முகம் சுளித்தேன். இப்போது சாதாரணத் தேநீர் சப்பென்று இருக்கிறது.

பலாக்காய் வெட்டுவதற்குத் தனி ஆள் வேண்டும். கத்தி, பலகை, இரண்டு கை எல்லாவற்றிலும் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். அப்படியும் முதல் வெட்டிலேயே பால் வெள்ளையாகக் கசிந்து பிசுபிசுவென்று கத்தியைப் பிடித்துக்கொள்ளும். பழைய துணியால் துடைத்துத் துடைத்து, தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்துப் போட்டு, மீதியைத் துண்டாக்கி மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டுவிட்டால் கறுக்காது. இதை வடக்குக்காரரே செய்தார். வேறு யாரையும் கத்தியைத் தொட விடவில்லை.

அடுப்பு வெளியே, விறகில். சமையல் ஆகும்வரை குழந்தைகளுக்கு நத்தை பொறுக்கும் வேலை. மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை வந்து இளங்கன்றுகளை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். பகலில் அவை ஒளிவது தோட்டத்துக் கற்குவியலில். எரிமலை மண் சத்தானதுதான், ஆனால் ஒரு முழம் தோண்டினால் கருங்கல் இடிக்கும். பொறுக்கிய கல்லையெல்லாம் ஓரமாகக் குவித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பரிமாறும்போது வழக்கமான சண்டை வந்தது. பரங்கி, கத்தரி, பலா, வெண்டை, வாழைக்காய், சௌசௌ. ஏழாவது எது? முருங்கைக்கீரை கறியில் சேராது என்றார் ஒருவர். அப்படியானால் தேங்காய்ச் சட்னியை எண்ணிக்கொள்ளலாம் என்றேன். என் மாமியார் கரண்டியை நீட்டி, "சட்னி கறி ஆகாது, கீரைதான் கறி. இலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள்" என்று இங்கத்திய கிரியோல் மொழியில் ஒரு அதட்டல் போட்டார். அத்தோடு தீர்ந்தது. கடைசியில் ரசத்தைக் குடித்துவிட்டு, பாயசத்துக்கு வயிற்றில் இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் இரண்டாம் முறை வாங்கினார்கள்.

கேள்வியில் "மட்டும்" என்று இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையில் வாங்கியதுதான். இந்தத் தீவில் விளைநிலத்தில் பெரும்பகுதி கரும்பு, அரிசி கப்பலில் வருகிறது. காய், கீரை, இலை, மிளகாய், கறிவேப்பிலை மட்டும் எங்களுடையவை.

நீங்கள் செய்வதாக இருந்தால் யார் எதைக் கொண்டுவருவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு நண்பர் வீட்டில் கூடினோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பாதிப் பேர் ஆளுக்கொரு பரங்கிக்காயோடு வந்து இறங்கினார்கள். ஏழு கறியில் மூன்று பரங்கி, பாயசமும் பரங்கி.