ஏழு சீட் வண்டி யாருக்கு? – வாசகர் கேள்வி-பதில்

நம் நீலகிரியில் சீசன் முடிந்து மழை பிடித்தால் வண்டி வாங்குகிற யோசனை வந்துவிடும் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய வண்டி, டீசல் செலவு, மைலேஜ் பற்றியவை. நான்கு பக்கம் எழுதியவர்களின் கடிதத்தில் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான், மனைவி, மகள் என மூன்று பேர். 1200 சிசி பெட்ரோல் கார் இருக்கிறது. கோவையிலிருந்து மச்சான் குடும்பம் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். வெளியூர் வண்டி மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும், அவர்களுக்கு அது தொல்லை. என் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு என்பதால் நானே மேட்டுப்பாளையம் இறங்கி அழைத்து வந்துவிடலாம் என்று ஏழு சீட் டீசல் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மலைக்குப் பெரிய வண்டிதான் பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? – கேத்தி வாசகர்

பதில்: வேண்டாம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்த மூன்றாவது வரிசை சீட்டின் மேல் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு, கொஞ்சம் கேளுங்கள். அதில் யார் உட்காரப் போகிறார்கள்? மச்சான் உட்கார மாட்டார், முழங்கால் தாடையில் இடிக்கும். குழந்தைகளைத்தான் ஏற்றுவீர்கள். அந்த வரிசை பின் ஆக்ஸிலுக்கு மேலேயே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் முன் சீட்டுக்குத் தெரியாத ஆட்டமெல்லாம் அங்கே தெரியும். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஜன்னல் இறங்காது. கல்லாறு தாண்டும்போது பிள்ளைகளின் முகம் வெளுக்கும், பர்லியார் வருவதற்குள் வாந்தி. மேட்டுப்பாளையம் சாலையின் பதினான்கு வளைவுகளுக்கும் பிளாஸ்டிக் கவர் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை அடுத்த லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று அழும்.

சரி, ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். பெட்டியை எங்கே வைப்பீர்கள்? மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். ட்ரைபரில் வெறும் 84 லிட்டர், ஸ்கூல் பைகளுக்குத்தான் காணும். அப்புறம் கூரையில் கேரியர் போடுவீர்கள். அது காற்றோடு மல்லுக்கட்டி இன்னும் கொஞ்சம் டீசல் குடிக்கும்.

இப்போது எடை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். என்ஜினில் சூடாக வீணாவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு 100 கிலோவையும் அந்த உயரத்துக்குத் தூக்க 150 முதல் 200 மில்லி எரிபொருள் வேண்டும். சின்னக் கார் 900 கிலோ சொச்சம் இருக்கும். இன்னோவா கிரிஸ்டா அளவு வண்டி அதைப்போல இரண்டு மடங்கு. அந்த அதிக எடையை மேலே கொண்டுவர மட்டுமே ஒன்றரை லிட்டர் போய்விடுகிறது. சீட்டில் ஆள் இருந்தாலும் போகும், காலியாக இருந்தாலும் போகும். சமவெளிக்காரருக்குப் பெரிய வண்டியின் எடை அவ்வளவாக உறைக்காது. நமக்கு வீட்டை விட்டு இறங்கினால் ஏற வேண்டும்.

பணக் கணக்கு இது. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையில் லிட்டருக்குச் சின்னக் கார் 14 கிலோமீட்டரும் பெரியது 10-ம் கொடுத்தால், ஒன்றுக்கு 714 லிட்டர், மற்றதற்கு 1,000 லிட்டர். டீசல் விலை பெட்ரோலைவிட ஏழெட்டு ரூபாய் குறைவு என்பதைக் கழித்த பிறகும் வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. 2025 செப்டம்பர் 22-லிருந்து நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன என்ஜின் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. அதற்கு மேல் நம் மாநிலத்தின் ஆயுள் வரி: வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. கடன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பாதுகாப்பு என்கிறீர்கள். கனமான வண்டி இறங்கும்போது பிரேக்கும் அதற்கேற்றபடி சூடாகும். டயர், ஏர்பேக், மோதல் சோதனையில் கிடைத்த பாரத் என்கேப் நட்சத்திரம் இவற்றைப் பாருங்கள். உயரத்தைப் பார்த்து நம்பாதீர்கள்.

இ-பாஸ் 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிறது, காசு கிடையாது, போனிலேயே எடுத்துவிடலாம். அன்றைக்கு அனுமதிக்கும் வண்டிகளின் கோட்டா முடிந்துவிட்டதென்றால் அரசு பஸ்ஸுக்குப் பாஸ் தேவையில்லை. மச்சானைப் பஸ் ஏறி வரச் சொல்லுங்கள். இங்கே சுற்றிப் பார்க்க மிச்சமான பணத்தில் டிரைவரோடு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: ஷோரூமில் லிட்டருக்கு 20.5 கிலோமீட்டர் என்றார்கள். ஊட்டியில் எனக்கு 12 தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – லவ்டேல் வாசகர்

பதில்: அந்த எண் சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டிப் பார்த்து எடுத்தது. அங்கே டால்பின் நோஸ் ஏற்றம் கிடையாது, சேரிங் கிராஸ் நெரிசலும் கிடையாது. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் இங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். நீங்கள் கியரைக் குறைத்து மிதிப்பீர்கள், மைலேஜ் போகும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் கொஞ்சம் குறைக்கும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதே வண்டி வைத்திருக்கும் ஊட்டிக்காரர் ஒருவரிடமாவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேள்வி: கூட்டுக் குடும்பம். அப்பா அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூன்று பேர். அப்பாவைச் சிகிச்சைக்கு அடிக்கடி கோவை கூட்டிப் போக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். எங்கள் படகர்களின் ஹெத்தை பண்டிகைக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம். பச்சைத் தேயிலை விற்கிற விலையில் உனக்கு எதற்குப் பெரிய வண்டி என்று ஊரில் கேலி செய்கிறார்கள். – கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்)

பதில்: வாங்குங்கள். கேலி செய்கிறவர் உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறாரா? வண்டி நிறைய ஆள் இருந்தால் பெரிய வண்டிதான் சிக்கனம். லிட்டருக்குப் பத்து கொடுக்கிற வண்டியில் ஏழு பேர் போகும்போது தலைக்கு ஆகும் டீசல், பதினான்கு கொடுக்கிற காரில் இரண்டு பேர் போவதில் பாதிகூட இல்லை.

டர்போ உள்ள என்ஜினாகப் பாருங்கள், நம் உயரத்தில் அது மூச்சு வாங்காது. பொலேரோ மாதிரி நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1500 சிசிக்குள் உள்ள டீசல் வண்டிக்கு வரியும் குறைவு, காப்பீடும் குறைவு. ஆனால் அதன் கடைசி சீட்டுகள் பக்கவாட்டில் இருக்கும், பெரியவர்களை அங்கே உட்கார வைக்காதீர்கள். ஷோரூம்காரர் தனியாக உங்களை உட்கார வைத்துச் சமதளத்தில் ஓட்டிக் காட்டுவார். அதை ஒத்துக்கொள்ளாமல், ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் ஹட்டிக்கு ஏறும் மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். அம்மா ஏறி இறங்க முடிகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: குன்னூரிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார் என் நண்பர். பெரிய வண்டிக்கு இது உதவுமா?

பதில்: உங்கள் நண்பரின் வண்டியில் ஏறாதீர்கள். இன்றைய என்ஜின்கள் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருளை அறவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காகக் குடிக்கும். ஆக மிச்சமும் இல்லை, முழுப் பாரமும் பிரேக்கின் மேல். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: கோவையில் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் 6 லட்சத்துக்கு மேல் கொடுத்து ஏழு சீட் வண்டி வாங்கினேன். சென்னைப் பதிவு. மூன்றாம் மாதமே வயரிங் கோளாறு. மெக்கானிக் தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்கிறார். வியாபாரி ‘உள்ளது உள்ளபடி’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார். பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணம். – கூடலூர் வாசகர்

பதில்: மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கமகமவென்று செண்ட் அடித்து வைத்திருந்த ஒரு ஜீப்பை நானும் வாங்கியிருக்கிறேன். செண்ட் எதற்கு என்று முதல் மழையில்தான் தெரிந்தது.

அந்தத் தாளைக் கண்டு பயப்பட வேண்டாம். வண்டி வெள்ளத்தில் நின்றது தெரிந்தும் மறைத்து விற்றிருந்தால் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி அதை மூடி மறைத்துவிடாது. இனிமேல் அந்த வண்டியில் எதையும் கழற்றி மாற்றாதீர்கள். சேறு, சீட் போல்ட்டில் இருக்கும் துரு, வயரிங் முனையில் பூத்திருக்கும் பச்சை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மெக்கானிக்கிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் வரலாற்றையும், முந்தைய காப்பீட்டு நிறுவனத்திடம் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். சென்னையில் வெள்ளம் வந்த 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ ஏதாவது பதிவு இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும்.

பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதுதான் கெடு. அதற்காக ஆறப் போடாதீர்கள்.

வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள்.

கேள்வி: புது டீசல் எஸ்யுவி. வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர்தான் ஓட்டம். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள் என்கிறார்கள் சர்வீஸில். – அரவங்காடு வாசகர்

பதில்: 2020 ஏப்ரலிலிருந்து வரும், பிஎஸ்6 என்ற புகை விதிப்படியான டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க என்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நம் குளிரில் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது சூடாவதற்குள் நீங்கள் கடைக்குப் போய்விடுவீர்கள். மாதம் ஒன்றிரண்டு முறை மேட்டுப்பாளையம் தாண்டி அன்னூர் பக்கம் ஓட்டிவிட்டு வாருங்கள். விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம், வடிகட்டியை மாற்றும் செலவு அதிகம். இதை விற்கும்போதே சொல்லாத ஷோரூமுக்கு ஒரு கடிதம் எழுதி, சர்வீஸில் சொன்னதையும் எழுத்தில் கேளுங்கள். பின்னால் வாரண்டி தகராறு வந்தால் அந்தத் தாள் பேசும். கடைக்கு மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கு டீசல் எதற்கு என்பது தனிக் கேள்வி.

கேள்வி: டீசல் பைப்பில் கட்டினால் 25 சதவீதம் மைலேஜ் கூடும் என்று ஒரு காந்தம் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சாமான் நன்றாக ஒட்டும்.

கேள்வி: பெரிய எலக்ட்ரிக் வண்டி மலைக்குச் சரிப்படுமா? – வெலிங்டன் வாசகர்

பதில்: வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் சரிப்படும். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 1,800 கிலோ வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர்த்த மட்டும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும், சாலையின் இழுவை தனி. இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும், டீசலில் அந்தச் சௌகரியம் இல்லை. மேலே இருந்து கிளம்பும்போது நூறு சதவீதம் ஏற்றிவிடாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது, வண்டி வேகத்தைக் குறைப்பதும் பிரேக் தலையில் விழும்.

கேள்வி: பெரிய வண்டி வாங்கி, டீசல் செலவுக்காக சீசனில் மட்டும் டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். வெள்ளை போர்டுதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள்.

பதில்: போலீஸ் கேட்காவிட்டாலும் விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும். மஞ்சள் போர்டுக்கு வரி கட்டி, பர்மிட் எடுத்து, ஸ்டாண்டில் காத்திருக்கிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். வாடகைக்கு விட ஆசையென்றால் அவர்களைப் போல முறையாகப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் டீசலுக்குச் சம்பளத்திலிருந்து கொடுங்கள்.