ஒர்க்-ஸ்டடி என்றால் நூலக வேலை மட்டும்தானா?

வணக்கம். அமெரிக்கக் கல்லூரியில் சேரும் உங்கள் மகளின் உதவித்தொகைக் கடிதத்தில் 'ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி' (படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்க அமெரிக்க அரசு உதவும் திட்டம்) என்று இருக்கிறது, டிவி செய்தியாளராக ஆசைப்படுபவள் நூலகத்தில் புத்தகம் அடுக்கவா என்று கேட்டிருந்தீர்கள்.

நூலகமே கதி என்றில்லை. அந்தத் தொகை மொத்தமாகக் கைக்கு வராது, பார்த்த வேலைக்குச் சம்பளமாகத்தான் வரும். வேலையைப் பெரும்பாலும் அவளேதான் தேடிப் பிடிக்க வேண்டும். கல்லூரி வானொலி, வீடியோ பிரிவு, செய்தித் தொடர்பு அலுவலகம் என்று ஓர் இடம் விடாமல் வகுப்பு தொடங்கும் முன்பே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். என் அக்கா மகன் அப்படித்தான் மைக் ஒயர் சுற்றும் வேலையில் நுழைந்தான். இரண்டாம் ஆண்டில் எடிட்டிங் மேசை கிடைத்தது.

அப்புறம், நண்பர் சொன்னதாக எழுதிய 'சிறுபான்மையினர் மீடியா திட்டம்' வேறு. அது எம்மா போவன் அறக்கட்டளையாக இருக்கலாம். கறுப்பின மக்களை டிவி காட்டும் விதத்தை எதிர்த்து நிலையங்களோடு மல்லுக்கு நின்ற நியூயார்க் பெண்மணியின் பெயரில் 1989-ல் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்கு ஊடக நிறுவனங்களில் சம்பளத்தோடு கோடை இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறார்கள். இரண்டுக்கும் முயலலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

ஒரே ஒரு விஷயம்: கிரீன் கார்டு இருக்கிறது என்றீர்கள், சரி. எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கானது) இருப்பவர்களுக்கு ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி கிடையாது. அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை வருடா வருடம் மறக்காமல் போடுங்கள்.