வலி நின்றால்தான் ஆபத்து
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 47. தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன், மலையேறிய அனுபவம் இல்லை. அடுத்த மாதம் எட்டுப் பேர் குழுவில், கால் பனியில் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் ஸ்னோ ஷூ என்ற அகலமான சட்டத்தை மாட்டிக்கொண்டு மலையில் நடந்து, பனிமேல் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கும் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். "கைடு எல்லாம் பார்த்துப்பார், நீ நடந்தா போதும்" என்கிறாள் என் தோழி. ராத்திரிக் குளிரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பதில்: தோழி சொன்னதில் பாதி சரி. எந்தச் சரிவில் கால் வைப்பது, எங்கே கூடாரம் போடுவது, எந்த நேரத்தில் திரும்புவது, இவையெல்லாம் வழிகாட்டியின் பொறுப்பு. ஆனால் உங்கள் காலுறை நனைந்திருப்பது அவருக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதினாறு குளிர்காலங்களாக உதவி வழிகாட்டியாகப் போய்வருகிறேன். என் முதல் பயணத்தில் நானும் உங்களைப் போலக் குழுவில் ஒருத்தி. மதியம் ஓர் ஓடையைத் தாண்டும்போது மேலிருந்த பனி உடைந்து வலது பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. என்னால் எல்லாரும் நிற்க வேண்டுமே என்று வாயைத் திறக்கவில்லை. நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கூடாரம் போட நின்றபோது விரல்கள் வலித்தன. கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காலுறையைக் கழற்றினால், சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மெழுகுபோல வெளுத்திருந்தன. தொட்டால் என் விரல் மாதிரியே இல்லை. வழிகாட்டி அப்படியே பனியில் உட்கார்ந்து, ஜாக்கெட்டைத் திறந்து, என் பாதத்தைத் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். உணர்வு திரும்பும்போது நூறு ஊசி குத்துகிற வலி, அழுதுவிட்டேன். "வலிக்கும்போதே சொல்லியிருந்தா காலுறையை மாத்துற ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் எல்லாரிடமும் முதலில் இதைச் சொல்கிறேன். குளிரில் வலி இருக்கும்வரை ரத்தம் ஓடுகிறது. வலி நின்று மரத்துப்போனால் அந்த நிமிடமே குரல் கொடுங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். இன்னொருவர் உடம்புச் சூடுதான் நல்லது. விரல் கட்டைபோல இறுகிவிட்டால் நீங்களாக எதுவும் செய்யாமல் வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள். இளகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் அதிகம்.

குளிருக்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது வியர்வைக்கு. ஏற்றத்தில் கனத்த ஜாக்கெட்டோடு நடந்தால் உள்ளாடை நனையும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடு வந்துவிடும். பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். ஓய்வுக்கு நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்பே, கனத்த ஜாக்கெட்டை மேலே போட்டுவிடுங்கள்.

இனி ராத்திரி. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமன் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், கீழே விரிப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். நசுங்கிய இறகும் பஞ்சும் குளிரைத் தடுக்காது. அதனால் நுரைப்பாய் ஒன்று, அதன்மேல் காற்றடைத்த மெத்தை ஒன்று என இரண்டு விரியுங்கள். தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட, பாயிலும் மெத்தையிலும் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் இருக்கும். இரண்டின் எண்ணையும் கூட்டினால் 5-க்குக் குறையாமல் இருக்கட்டும். பையில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். வசதியாகத் தூங்கக்கூடிய குளிரைச் சொல்லும் 'கம்ஃபர்ட்' என்பதைப் பாருங்கள், சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லையைச் சொல்லும் 'லிமிட்' என்பதை நம்பிப் போகாதீர்கள்.

படுக்கும் முன் கொழுப்புள்ள ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். கசியாத பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, ஒரு காலுறைக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸின் உள்ளுறையையும் மறுநாள் காலுறையையும் பைக்குள்ளேயே வையுங்கள். தலையை மூடுங்கள், ஆனால் மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். மூச்சின் ஈரம் பைக்குள் போனால் இரண்டாம் இரவு அது உங்களைக் காப்பாற்றாது. சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். எழுந்து போய்வந்தால் ஐந்து நிமிடக் குளிர்தான், அடக்கினால் விடியும்வரை தூக்கமில்லை.

கேள்வி: வழிகாட்டி கூட வந்தால் பனிச்சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

பதில்: கவலை வேண்டாம், கவனம் வேண்டும். பலகைபோலப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. நல்ல வழிகாட்டி அந்தச் சரிவுகளைச் சுற்றிக்கொண்டு போவார், அவற்றுக்கு நேர் கீழேயும் நிற்க விடமாட்டார். பாதை நீளமாகிறதே என்று முணுமுணுக்காதீர்கள். "ஒவ்வொருவராகக் கடந்து வாருங்கள்" என்றால் முன்னால் போகிறவர் பத்திரமான இடத்தை அடையும்வரை காத்திருங்கள். பனிச்சரிவு வரக்கூடிய பகுதி என்றால் புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ அலையால் காட்டிக்கொடுக்கும் பீக்கன் கருவி ஆளுக்கொன்று, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் தருவார்கள். பீக்கன்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குவதால், எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் பொன்னான நேரம். வெளியிலிருந்து உதவி வந்துசேர அது போதாது. ஒருவேளை புதைந்தவர் வழிகாட்டியாக இருந்தால் தேட வேண்டியது நீங்கள் எட்டுப் பேரும்தான். முதல் நாள் காலைப் பயிற்சியில் கருவியைக் கையில் வாங்கி நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கேள்வி: சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீரைச் சுமப்பானேன்? தாகமெடுத்தால் பனியைத் தின்னக் கூடாதா?

பதில்: கூடாது. ஒரு கிராம் பனியை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு அது. அதை உங்கள் உடம்பிலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? ஸ்டவ்வில் உருக்குங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் அடிபிடித்த வாடை வரும். புதுப்பனி பத்து லிட்டர் அள்ளினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேறும், பொறுமை வேண்டும். பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுப்பதால் வெறும் பியூட்டேன் சிலிண்டர் கடுங்குளிரில் எரியாது. என்ன எரிபொருள் என்று கிளம்பும் முன் கேளுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைக்க வேண்டாம். எரியும் ஸ்டவ்விலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு, அதற்கு வாசனை கிடையாது.

நடக்கும்போது தண்ணீர் பாட்டிலை முதுகுப்பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறைவதால், நிமிர்த்தித் திறக்கும்போது மூடிப்பக்கம் பனிக்கட்டி இருக்காது.

கேள்வி: ஸ்னோ ஷூவில் நடக்க முன்கூட்டியே பழக வேண்டுமா?

பதில்: வேண்டாம், அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஒன்றின்மேல் ஒன்று மிதிபடாதபடி கால்களைச் சற்று அகட்டி வையுங்கள். பின்பக்கமாக அடி வைக்காதீர்கள், திரும்ப வேண்டுமானால் சின்ன வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள். செங்குத்தான ஏற்றத்தில் குதிகாலுக்குக் கீழே இருக்கும் கம்பியை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் வலிக்காது. கையுறை போட்டபடியே வாரைப் பூட்டவும் அவிழ்க்கவும் வீட்டிலேயே பத்து முறை செய்து பாருங்கள். அங்கே வெறுங்கையோடு குனிந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் விரலுக்குக் கேடு.