எண்பத்தைந்தாயிரத்துக்குப் பேப்பர் வாங்காதீர்கள்

மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, கும்பகோணத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்கு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. மகள் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. புள்ளியியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். உட்கார்ந்த உடனே அப்பா செல்போனை என் பக்கம் திருப்பினார். வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழில் பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, முதல் பெயராக வர 50,000, இரண்டாம் பெயராக வர 35,000, ஏற்புக் கடிதம் முப்பது நாளில்.

"பாப்பாவோட மாமா நியூஜெர்சியில இருக்காரு சார். எம்.எஸ். சேரணும்னா ரெண்டு பேப்பராவது கையில இருக்கணும்ங்கிறாரு. அதுவும் பேட்டர்ன் ரெக்கக்னிஷன், ஏ.ஐ. மாதிரி இருந்தா நல்லதாம். வீட்டுப் பத்திரத்தை வெச்சு நாப்பது லட்சம் லோன் கேட்டிருக்கேன். இந்த எண்பத்தஞ்சையும் அதுலயே சேர்த்துக்கலாமா?"

முதல் ஐந்து நிமிடம் நானும் வழக்கம்போல, பதற்றப்படாதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியலை முழுக்கப் படித்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அன்று சொன்னதையும் நேரம் இல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுத அவர்கள் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

சார், முதலில் அந்தப் பட்டியல். அவர்கள் விற்பது உங்கள் மகள் எழுதாத கட்டுரையில் உங்கள் மகளின் பெயர். 2023-இல் ஹிண்டாவி என்ற பதிப்பகம் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பேப்பர் தயாரித்து விற்கும் கும்பல்கள் அதன் சிறப்பிதழ்கள் வழியாகப் புகுந்திருந்தன. திரும்பப் பெற்ற கட்டுரை மறைந்து போகாது. 'ரிட்ராக்டட்' என்ற முத்திரையோடு, எழுதியவர் பெயரோடு இணையத்தில் அப்படியே நிற்கும். நாளைக்கு மகளின் பெயரைத் தேடும் பேராசிரியர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கலாம்.

இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? திருட்டு தெரியாமல் இருக்க, வேறொருவர் கட்டுரையை மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றுகிறார்கள். 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு போய்க் கள்ள உணர்வு வந்து உட்காருகிறது. 2021-இல் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித்தேடியே ஆய்வாளர்கள் பல கட்டுரைகளைப் பிடித்தார்கள். சிரிப்புத்தான், பெயர் நம்முடையதாக இல்லாதவரை.

பட்டியலின் அடியில் 'யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது' என்று வேறு போட்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தரமான ஆய்விதழ்களுக்கென வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது.

அடுத்தது மாமா. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பாடம் படித்துத் தேர்வு எழுதும் எம்.எஸ். படிப்புகளில் பெரும்பாலானவை கட்டுரை கேட்பதில்லை. கேட்காத ஒன்றுக்கு 85,000. பிறகு நாற்பது லட்சம். பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத் தவணை ஏறக்குறைய 54,000 ரூபாய். கடையில் மாதம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். முப்பத்தைந்து என்றீர்கள். அங்கே வேலை உடனே கிடைத்தால் சமாளிக்கலாம் என்கிறார் மாமா. கிடைக்காவிட்டால் தவணை கட்டப்போவது அவரில்லை. குடியிருக்கும் வீட்டை வைத்து இந்தப் பந்தயத்துக்குப் போக வேண்டாம். மற்ற எதிலும் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

'புள்ளியியல் எடுத்தது தப்பு, ஏ.ஐ. கோர்ஸ் எடுத்திருக்கணும்' என்றும் அவர் சொல்கிறாராம். அம்மா இதைச் சொன்னபோது மகள் தரையைப் பார்த்தாள். தரவுத் தொகுப்புகளுக்கு இடையேயான தூரத்தை அளக்கும் மகலனோபிஸ் தூரம் 1936-இல் கொல்கத்தாவில் ஒரு புள்ளியியலாளர் தந்தது. உருவங்களைக் கணினி இனம் காணும் பேட்டர்ன் ரெக்கக்னிஷன் வகுப்பில் முதல் வாரமே வரும் ஐரிஸ் பூ அளவுகள் ஃபிஷரின் கட்டுரையில் வந்ததும் அதே 1936-இல். அவரும் புள்ளியியலாளர்தான். பெயர்ப் பலகை புதிது, கடை பழையது. புள்ளியியல் படித்தவர்கள் போகும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, ஐ.டி. கம்பெனி எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று கிளம்பும் நேரத்தில் மகள் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தாத்தா பெட்டியிலிருந்த பழைய கிரயப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாக வெட்டி, 1,200 துண்டுகள் சேர்த்து வைத்திருக்கிறாள். துதிக்கை தூக்கிய பழைய ணை, லை, ளை, னை. கால் ஒட்டிய றா, ணா, னா. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸. இன்றைய மென்பொருளில் கொடுத்தால் எல்லாம் குளறுகிறது, அதனால் தானே ஒன்று செய்து பார்க்கிறேன் என்றாள். ஒரு மணி நேரத்தில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். விலைக்கு வாங்க நினைத்த பேப்பர் உங்கள் வீட்டிலேயே பாதி தயாராகிக் கிடக்கிறது, சார்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 'பேட்டர்ன் ரெக்கக்னிஷன்' என்ற பெயரிலேயே 1968 முதல் வரும் ஆய்விதழில், 1978-இல், அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அறிவது பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றிய இருவரும். ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் கட்டமாக 0, 1 என்று பிரித்து, அதை ஒரு குறியீட்டுச் சரமாக மாற்றி, அகராதிபோல் வைத்த சரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தினால் எழுத்து ரோமன் வடிவில் அச்சாகி வரும். ஐ.ஐ.டி. கிடையாது, அமெரிக்கா கிடையாது, கலை அறிவியல் கல்லூரி. அதே 1978-இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. உங்கள் மகள் வெட்டி வைத்திருக்கும் துதிக்கையும் ஒட்டிய காலும் அன்று விடைபெற்றவை.

சரி மகளே, இனி உன்னிடம் பேசுகிறேன்.

கட்டுரையை எங்கே அனுப்புவது என்பதுதான் முதல் முடிவு. 'பேட்டர்ன் ரெக்கக்னிஷன்' பெரிய இதழ். எல்லா உருவங்களுக்கும் பொருந்தும் புது முறையை எதிர்பார்க்கும். 1982 முதல் வரும் 'பேட்டர்ன் ரெக்கக்னிஷன் லெட்டர்ஸ்' குறுங்கட்டுரைகளுக்கானது. உன் வேலைக்கு ஆவணங்களையும் எழுத்துகளையும் கணினி படிப்பதற்கென்றே 1998-இல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆன் டாக்குமெண்ட் அனாலிசிஸ் அண்ட் ரெக்கக்னிஷன்' சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். கடைசி மூன்று வருட இதழ்களைப் படித்துவிட்டு நீயே சொல். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி முதல் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உன் பல்கலைக்கழக நூலகத்தில் லாகின் கேள். தரவில்லையென்றால் மறுநாளும் போய்க் கேள்.

எழுதுவதற்கு முன் இரண்டு வேலை. இக்காலத்தவர் எழுதிய தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பு ஒன்றை எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் முன்பே வெளியிட்டிருக்கிறது. 156 குறிகள். 247 எழுத்தும் அந்த 156-க்குள் அடங்கிவிடும், கால், கொம்பு எல்லாம் தனிக்குறியாக நிற்பதால். உன் முறையை அதிலும் ஓட்டிப் பார். உன் சொந்தத் துண்டுகளில் மட்டும் நன்றாக வருகிறது என்றால், இதழுக்காகக் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர் நம்பமாட்டார்.

இரண்டாவது, 98 சதவீதம் சரியாக வருகிறது என்றாயே, அதில் எனக்குச் சந்தேகம். ஒரே பத்திர எழுத்தர் எழுதியதில் பாதியைக் கணினியின் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்திருக்கிறாய். கணினி எழுத்தைக் கற்கவில்லை, அந்த எழுத்தரின் கையை மனப்பாடம் செய்திருக்கிறது. சோதனைக்கு வைக்கும் பத்திரங்களின் எழுத்தர்கள் பயிற்சியில் எங்குமே வரக்கூடாது. அப்படிப் பிரித்தால் எண் 80-க்கு இறங்கலாம். இறங்கட்டும். நேர்மையான 80-ஐ அச்சிடுவார்கள்.

இன்னொன்றையும் அன்றே கேட்டேன். துண்டுகளில் கொஞ்சம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த பத்திரங்களிலிருந்து எடுத்தது என்று ஒத்துக்கொண்டாய். அவற்றை அழித்துவிடு. தாத்தாவின் பத்திரங்கள், சம்மதம் கேட்டு வாங்கிய உறவினர் பத்திரங்கள், இவை போதும். பெயரும் சர்வே எண்ணும் தெரிகிற பக்கத்தை எங்கும் வெளியிடாதே, வெட்டிய எழுத்து மட்டும்.

அனுப்பும் விதம் எளிதுதான். இணையத்தில் கணக்கு தொடங்கி, கட்டுரையையும் எடிட்டருக்கு ஒரு கடிதத்தையும் ஏற்ற வேண்டும். எல்செவியர் பதிப்பகத்தின் இதழாக இருந்தால் 'ஹைலைட்ஸ்', அதாவது கட்டுரையின் சாரம் என்று மூன்றிலிருந்து ஐந்து வரி கேட்பார்கள், ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள். அந்த 85 எழுத்தில் சொல்ல முடியவில்லையென்றால் கட்டுரையில் புதிதாக என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியவில்லை என்று பொருள். ஏ.ஐ. கருவி கொண்டு ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தால் இதழின் விதியைப் படித்து அதையும் சொல்லிவிடு. ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதே. அது குற்றமாகவே பார்க்கப்படும்.

அப்புறம் யார் பெயர் போடுவது. வேலை செய்தவர்கள் பெயர் மட்டும். வழிகாட்டிய ஆசிரியர் உண்மையில் வழிகாட்டியிருந்தால் அவர் பெயர். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயர், அக்கா மகன் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒருவர் பெயர், இதெல்லாம் கூடாது. வாட்ஸ்அப் கடைக்காரரும் இதைத்தான் விற்கிறார்.

பணம் பற்றி அப்பாவும் கேட்கட்டும். நான் சொன்ன மூன்று இதழ்களிலும் இரண்டு வழி இருக்கிறது. கட்டுரையை உலகமே இலவசமாகப் படிக்க வேண்டும் என்று 'ஓப்பன் ஆக்சஸ்' தேர்ந்தெடுத்தால் எழுதியவர் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். படிப்பவர் சந்தா கட்டும் 'சப்ஸ்கிரிப்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுதியவருக்குச் செலவு பூஜ்யம். இரண்டுக்கும் மதிப்பாய்வு ஒன்றுதான். ஏற்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் தவறான கட்டத்தை டிக் செய்யாமல் இருந்தால் சரி.

அனுப்பிய இரண்டே வாரத்தில் 'எங்கள் இதழுக்குப் பொருந்தாது' என்று எடிட்டரே திருப்பி அனுப்பலாம். அடுத்த இதழுக்கு அனுப்பு. மதிப்பாய்வுக்குப் போனால் மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். நிலவரப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பதில் பயனில்லை. 'மேஜர் ரிவிஷன்', அதாவது நிறையத் திருத்தி மறுபடி அனுப்பு என்று வந்தால் வீட்டில் பாயசம் வைக்கலாம், தோல்வி என்று அழ வேண்டாம். மதிப்பாய்வாளர் கேட்ட ஒவ்வொன்றையும் எடுத்தெழுதி, கீழே உன் பதிலையும் எந்தப் பக்கத்தில் திருத்தினாய் என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும், நாங்கள் தெளிவாக எழுதவில்லை, திருத்திவிட்டோம் என்றுதான் தொடங்க வேண்டும். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் அனுபவம் இதற்கு உதவும்.

அம்மா கேட்டார்கள், "பேப்பர் வராமலே போயிட்டா?" வராமல் போகலாம்தான். முனைவர் பட்டத்துக்கே 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளில் ஆய்விதழ்க் கட்டுரைக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. கட்டுரைக்காகச் செய்த வேலை வீணாகாது. அறிவியல் அகாடமிகள் கொடுக்கும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதியை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள். ஆய்வுக் குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். குறிப்பு உன்னிடம் தயார். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் புள்ளியியலுக்குத் தனித் தாள் உண்டு, டேட்டா சயன்ஸ்-ஏ.ஐ.க்கும் 2024 முதல் தனித் தாள் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கணித அறிவியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அது உங்களுக்கு வருகிற பணம், சார். மாதம் 54,000 நீங்கள் கட்டுகிற பணம்.

அமெரிக்காவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முனைவர் படிப்புக்கு அங்கே போனால் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு உண்டு. அப்போது இந்த வேலையே பேசும். மாமாவிடம் நானே பேசுகிறேன், ஞாயிறு காலை எட்டு மணிக்கு. அவருக்குச் சனி ராத்திரி, வீட்டில்தான் இருப்பார்.

அதுவரை வங்கியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வீட்டுப் பத்திரத்தை மட்டும் ஒருநாள் மகளிடம் கொடுங்கள். உங்கள் தாத்தா பெயரில் 1954-இல் எழுதியது என்றீர்களே, அவளுக்கு ௸ இன்னும் ஒன்பதுதான் கிடைத்திருக்கிறதாம்.