பை மிதந்தால் நேரக் கணக்கு செல்லாது

சூ-வீட் முறையில், அதாவது காற்றை உறிஞ்சி சீல் செய்த பையில் போட்டு ஒரே சூட்டில் நிற்கும் தண்ணீரில் மூழ்கவைத்து, 60 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் கோழி நெஞ்சுக்கறியின் மேல்பக்கம் வேகவில்லை, பை பாதி மிதந்தது என்கிறீர்கள். கருவியில் குறை இல்லைங்க, மிதந்ததுதான் காரணம். காற்று தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்தாது. வெளியே நின்ற பக்கம் கிருமி வளர வாகான இளஞ்சூட்டிலேயே கிடந்திருக்கும். மறுபடி வேகவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். மனசு வராதுதான்.

மசாலாவை நீர்க்கக் கரைத்து ஊற்றினேன் என்றீர்களே, சிக்கல் அங்கேதான். ஈரம் காற்றை உறிஞ்சி சீல் போடும் மெஷினுக்குள் ஏறிவிடுமோ என்று, காற்று முழுதாகப் போகும் முன்பே சீல் போட்டிருப்பீர்கள். நானும் அப்படிச் செய்து ஒரு துண்டை வீணாக்கியவன்தான். இப்போது அந்தக் கரைசலை ஐஸ் கட்டியாக உறையவைத்துப் பையில் போடுகிறேன். உறிஞ்சும்போது ஒரு சொட்டுகூட மேலே வராது. கூடவே கனமான எவர்சில்வர் கரண்டி ஒன்றையும் உள்ளே வைத்து சீல் செய்தால் பை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், ஒன்றரை மணி நேரம் என்பது ஓர் அங்குல கனம் வரைக்கும்தான். கனம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பையும் தாண்டும். தடித்த துண்டைக் கனம் பாதியாகும்படி கிடைவாக்கில் பிளந்து இரண்டாக்கிவிடுங்கள்.