கதவைத் திறக்க முன் லொக் வாங்க வேண்டாம்

கேள்வி: எங்களிடம் 2015ஆம் ஆண்டு வகன் ஆர் ஒன்று நிற்கிறது. போன மாத மழைக்குப் பிறகு பின் இடப்பக்கக் கதவு திறக்குதே இல்லை. உள்ளுக்கிருந்து இழுத்தாலும் இல்லை, வெளியில இருந்து இழுத்தாலும் இல்லை. மற்ற மூன்று கதவும் சரி. கராஜில் காட்டினால், "புது லொக் ஒன்று வாங்கிக்கொண்டு வாங்கோ, உள்தகட்டை வெட்டித்தான் எடுக்கவேணும்" என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் கதவுக்குள் எது பழுதென்று கராஜ்காரருக்கும் தெரியாது. லொக் முழுதாகப் போயிருக்கலாம், விரல் நகமளவு பிளாஸ்ரிக் கிளிப் ஒன்று உடைந்தும் இருக்கலாம். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செலவுதான் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

வெளிக்கைபிடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாரமே தட்டாமல் தொளதொளவென்று வந்தால், கைபிடியையும் லொக்கையும் இணைக்கும் கம்பி கழன்றுவிட்டது. ஸ்பிரிங் இறுக்கம் வழக்கம்போல இருந்தும் திறக்காவிட்டால், லொக் பூட்டிய நிலையிலேயே நிற்கிறது. இழுத்த கைபிடி திரும்பிப் போகாமல் நின்றால் துரு, அல்லது புழுதி. கோண்டாவில் செம்மண் கிறீஸோடு கலந்தால் சீமெந்துதான்.

சைல்ட் லொக் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உள்கைபிடியை மட்டுமே தடுக்கும். ஆனால் சைல்ட் லொக்கும் போட்டிருந்து, வெளிக்கம்பியும் கழன்றிருந்தால் இரண்டு பக்கமும் திறக்காது. கைபிடி தொளதொளவென்று இருந்தால் இதை மறக்க வேண்டாம். கதவு பூட்டியிருக்கும் வரை சைல்ட் லொக்கின் நெம்பும் கைக்கு எட்டாது.

அடுத்தது சத்தம். ஒருவர் றிமோட்டை அமத்த, நீங்கள் கதவில் காதை வையுங்கள். மற்றக் கதவுகளைப்போல "டக்" என்று அடித்தால் லொக் மோட்டர் பெரும்பாலும் நல்லது, கோளாறு கம்பியிலோ கேபிளிலோ இருக்கும். "கிர்ர்" என்று சுற்றும் சத்தம் மட்டும் வந்தால் உள்ளே பிளாஸ்ரிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லையென்றால் மோட்டர் இறந்திருக்கலாம், அல்லது வயர் அறுந்திருக்கலாம். கதவுக்கும் அது பிணைந்திருக்கும் காரின் தூணுக்கும் நடுவே ஒரு றப்பர் குழாய் தெரியும். ஒவ்வொரு முறையும் அதற்குள் வயர் மடிவதால், வருடக்கணக்கில் செம்பு அங்கேதான் அறும். அந்தக் கதவின் கண்ணாடிச் சுவிச்சும் வேலை செய்யாவிட்டால் முதலில் அந்தக் குழாயைச் சந்தேகியுங்கள். பியூஸ் போயிருந்தால் ஒரு கதவோடு நிற்காது.

இனித் திறக்கும் வழி. இரண்டு பேர் வேண்டும். பூட்டிய கதவை, ஓரத்திலுள்ள றப்பர் பட்டி (பீடிங்) எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பாரம் முழுவதும் லொக்கின் கொழுக்கியில்தான். ஆகவே கைபிடியை இழுத்தபடியே இடுப்பால் கதவை உள்ளே தள்ளுங்கள். மற்றவர் பூட்டு, திற, பூட்டு, திற என்று சுவிச்சை விடாமல் அமத்தட்டும். கைபிடிக்கு நேரே, கதவின் பின்விளிம்பில், பொத்திய கையின் அடிப்பக்கத்தால் தட்டுங்கள். சுத்தியல் வேண்டாம், தகடு குழியும். கதவு இடுக்கில் லொக் உயரத்துக்கு மெல்லிய குழாயால் துரு இளக்கும் ஸ்பிரே (டபிள்யூடி-40) அடித்து, கால் மணி நேரம் விட்டு மறுபடி முயலுங்கள். இருபது முப்பது முறை சலிக்காமல் செய்யவேண்டும். துருவால் இறுகிய லொக் பல இதற்கே இளகும்.

அசையாவிட்டால் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். முதலில் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிடுங்கள், இறங்கியிருந்தால் கை போக இடமிராது. பிறகு பற்றறியின் மறை (−) முனையைக் கழற்றி, பின் சீற்றை முன்னுக்குத் தள்ளுங்கள். கைபிடிக் குழியிலும் கை வைக்கும் இடத்திலும் மூடிகளுக்குக் கீழ் ஸ்குரூக்கள் இருக்கும். மிச்சம் கிளிப்தான், மேலிருந்து பிளாஸ்ரிக் நெம்பால் விடுவியுங்கள். கதவு பூட்டியிருக்கையில் கீழ் விளிம்புக் கிளிப் நாலைந்து நிச்சயம் உடையும். அட்டையே வெடித்தாலும் பரவாயில்லை, தகட்டை வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடிப்பதைவிட அது மலிவு. உள்ளே பொலித்தீன் தாளை உரித்தால் வெளிக்கைபிடியிலிருந்து லொக்குக்கு இறங்கும் கம்பி தெரியும். பூட்டுக் கம்பியைக் கையால் திறந்த நிலைக்குத் தள்ளிவிட்டு, இந்தக் கம்பி போய்ச் சேரும் நெம்பை நீண்ட ஸ்குரூ ட்ரைவரால் அமத்துங்கள்.

கதவு திறந்ததும் உடனே சாத்தாதீர்கள். ஸ்குரூ ட்ரைவரால் லொக்கின் கொழுக்கியை மடக்கி, கைபிடியை இழுத்துப் பாருங்கள். நாலைந்து தரம் தவறாமல் விடுபட்டால்தான் சாத்தலாம். மடக்கிய கொழுக்கியை விடுவிக்காமல் கதவை அடித்தால் தூணில் கொழுக்கி மாட்டும் வளையத்தில் மோதி லொக் உண்மையாகவே உடையும்.

புது லொக் தேவைதான் என்று தெரிந்தால், பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். யப்பான் வகன் ஆரும் இந்திய வகன் ஆரும் பெயரில்தான் ஒன்று. சேசிஸ் இலக்கம், முன்னா பின்னா, இடமா வலமா (சீற்றில் முன்நோக்கி இருப்பவரின் இடம் வலம்), பிளக்கில் எத்தனை முனை, கம்பியா கேபிளா, எல்லாம் ஒத்துவர வேண்டும். பூட்ட முன் வெள்ளை லித்தியம் கிறீஸ் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது இங்கு பலருக்குப் பழக்கம். புழுதியை ஒட்டவைத்து அடுத்த மாரிக்கே பழுதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துவாரங்களையும் குச்சியால் குத்திவிடுங்கள். உங்கள் கதவு மழைக்குப் பிறகு இறுகியதற்கு அவை அடைபட்டதும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: இரண்டு மாதம் கனடாவில் நின்றுவிட்டு வந்தோம். பிறியஸ் 30 ஒரு கதவும் திறக்கவில்லை. றிமோட் பற்றறி மாற்றியும் பலனில்லை. (வாசகி, மானிப்பாய்)

பதில்: காரின் 12 வோல்ற் பற்றறி இறங்கிவிட்டது. றிமோட்டின் பக்கத்தில் சின்னத் தள்ளி ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து உலோகத் திறப்பு ஒன்று வரும். சாரதிக் கதவை அதனால் திறவுங்கள். டிக்கிக்குப் போகாதீர்கள். அதன் பூட்டு மின்சாரத்தில் வேலை செய்வது, பற்றறியோ அதற்குள்தான். பொனற்றைத் திறந்தால் பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியோடு நேர் முனை இருக்கும். இன்னொரு 12 வோல்ற் பற்றறியின் நேர் முனையை அதில் கொடுங்கள். அதன் மறை முனையை உங்கள் காரின் வர்ணம் பூசாத இரும்பில் கொடுங்கள். முனை மாறினால் கணினிப் பகுதிகள் எரியும், அதில் மட்டும் அவசரம் வேண்டாம். அடுத்த பயணத்துக்கு முன் 12 வோல்ற் பற்றறியின் மறை முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கேள்வி: பாவித்த லொக் ஒன்று வாங்கிப் பூட்டினேன், இரண்டு கிழமையில் மோட்டர் நின்றுவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். (வாசகர், சாவகச்சேரி)

பதில்: 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. இடையில் எல்லோரும் பழைய கார்களையே ஓட்டினோம், பாவித்த சாமானுக்கும் கிராக்கி ஏறியது. பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. சீட்டில் "பாவித்தது, வேலை செய்யும்" என்றும் திருப்பி எடுக்கும் நாட்களையும் எழுதுவித்திருந்தால் உங்கள் கை ஓங்கும். பேசிச் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும்.

அடுத்த முறை காசு கொடுக்க முன் கடையிலேயே மோட்டரின் இரண்டு முனைக்கும் 12 வோல்ற் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு முனைகளை மாற்றித் தொடவேண்டும். ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் முனகினால் அந்த லொக்கை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.